நாலு விரல்

இரவில் அது தானாக விழித்து
தன் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்.
இரண்டு மணிக்கு ஒருமுறை கம்ப்ரசர் முனகும்.
மூன்றரைக்கு இன்னொருமுறை, இன்னும் நீளமாக.
அப்புறம் விட்டுவிடும்.

விடியும்போது உலான்பாதரில் மைனஸ் முப்பத்தொன்று.
முன் இடது பக்கம் தரையோடு தரையாக,
சுமை ஏற்ற மண்டியிட்ட ஒட்டகம்.
சுமை என்று எதுவும் இல்லை.
பின் இருக்கையில் ஒரு கம்பளி, ஃபிளாஸ்க்,
யாரோ பயணி விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

நாலாம் மாடி லுப்சான்தோர்ஜ்
மூன்று மாதமாகக் கண்ணாடியில் சீட்டு ஒட்டுகிறார்:
'உங்கள் கார் குறட்டை விடுகிறது.'

பதினேழு வயசுக் கார்.
நகோயாவில் ஏதோ கம்பெனி முதலாளி ஓட்டியது.
இல்லை, அவர்கள் ஓட்டமாட்டார்கள்,
பின்னால் உட்கார்ந்து வந்தது.
அவருடைய பார்க்கிங் ரசீது இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில்.
வாங்கிய விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
சுண்டைக்காய் கால் பணம்;
சுமைகூலி இப்போதுதான் வந்து
கதவைத் தட்டுகிறது.

செவெல்மாவின் ஒர்க்‌ஷாப் ஒரு கப்பல் கன்டெய்னர்.
கடல் இல்லாத நாட்டுக்கு அது எப்படி வந்தது என்று
நான் கேட்டதில்லை.
சோப்புத் தண்ணீர் தடவினாள்,
குமிழ் விடுமுன் உறைந்துபோனது.
தொப்பியைக் கழற்றிவிட்டுச்
சக்கரத்துக்குள் காதை வைத்தாள்.
"இங்கே."
ரப்பர் மடிப்பில் ஒரு மயிரிழை.
அவ்வளவுதான். அதன் வழியாக
இரண்டு டன் எடை
ஒவ்வொரு ராத்திரியும் வெளியே போயிருக்கிறது.

"இரும்புச் சுருள் போட்டுவிடு.
ஒருதரம் செலவு. சாகும்வரை உட்காராது."
தன்னுடைய வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போனாள்.
நான் பற்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

சியோல் விமானத்துக்கும் விடிகாலை விமானத்துக்கும் நடுவே
ஏர்போர்ட் பார்க்கிங்கில்
அந்தப் பின் இருக்கையில்தான் தூங்குகிறேன்.
தெற்கே இருந்து காற்றடித்தால்
கார் லேசாக அசையும், நின்றுவிடாது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
"காற்றே போடு" என்றேன்.
"ஒரு பக்கம் ஒன்பது லட்சம் துக்ரிக்."
"தெரியும்."
"பணம் உன்னுடையது."

ஈரம் உறிஞ்சும் குப்பியைத் திறந்து
மணிகளை என் உள்ளங்கையில் கொட்டினாள்.
வெள்ளையாக இருக்கவேண்டியவை,
பால் ஊற்றாத தேநீர் நிறத்தில்.
"இந்த ஊர்ப் புகை" என்றாள்.
"உன் நெஞ்சுக்குள்ளும் இதே கலர்தான்."

பழைய பை தரையில் கிடந்தது.
கால்விரலால் அழுத்திப் பார்த்தேன்.
எதிர்க்கவில்லை.

காற்று ஏறுமுன் எடையை இறக்கினால்
புது மடிப்பும் கிழிந்துவிடுமாம்.
ஜாக்கியை நூல் நூலாக இறக்கினாள்.
நிறுத்தினாள். ஊதவிட்டாள். சிகரெட் பற்றவைத்தாள்.
மறுபடி ஒரு நூல்.
எந்த இடத்தில் கார்
ஜாக்கியை விட்டுத் தன்மேல் நின்றது?
பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
தெரியவில்லை.

அன்று சியோல் விமானம் ரத்து.
வீட்டில் தூங்கினேன்.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
எதுவும் முனகவில்லை.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினால்
எனக்குமுன் அங்கே ஒரு டார்ச் வெளிச்சம்.
பைஜாமாமேல் ஆட்டுத்தோல் கோட்டு, லுப்சான்தோர்ஜ்.
"சத்தமே காணோமே," என்றார்,
"திருடிப் போய்விட்டார்களோ என்று."

டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
விரல்களை நுழைத்தேன்.
நாலு.
அவரும் கையுறையைக் கழற்றி நுழைத்தார்.
"மூணுதான்."
"உங்கள் விரல் தடிமன்."
"உன் விரல் சூம்பல்."

மைனஸ் முப்பத்தொன்றில்
கொஞ்ச நேரம்
அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம்.