மங்கலாக ஒரு காப்பி

பெருந்துறை பஸ் ஸ்டாண்டை ஒட்டி
என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் ரெண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூணு.
ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும்
அதே விலைதானுங்க.

ஞாயிற்றுக்கிழமை வாலிபால் பைனல்.
மேட்டுக் கல்லூரிக்கும் வாய்க்கால் கல்லூரிக்கும்
பதினோரு வருசப் பகை.
எண்ணூறடி போர் போட்டும் ஈரம் காணாத
காட்டுக்காரன் மகன்கள் அந்தப் பக்கம்,
தண்ணி பாயும் வயல்காரன் மகன்கள் இந்தப் பக்கம்
என்று சொல்லிக்கொள்வார்கள்.
பொய்.
ரெண்டிலும் படிப்பது
பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற வீட்டுப் பிள்ளைகள்.
ஆனாலும் பகைக்கு ஒரு வரப்பு வேண்டுமே.

அஞ்சாவது செட். பதினாலுக்குப் பதிமூணு.
மேட்டுக்காரர் பக்கம் மாதேசு எழும்பினான்,
பர்கூர் மலைக்காரன்,
எழும்பினவன் இறங்க மறந்துபோன மாதிரி
ஒரு கணம் அங்கேயே நின்றான்.
பந்து விழுந்த சத்தம்
கடை வரைக்கும் கேட்டது.

ராத்திரி எட்டு மணிக்கு வாய்க்கால்காரர் வந்தார்கள்.
முப்பது பேர், ஒரே ஒரு தாள்.
"அக்கா, நல்லா கருப்பா எடுங்க.
வருசத்து மேல வெள்ளை பூசினது தெரியோணும்."
மாதேசின் டி.சி.
"மூணு வருசமா ரெண்டாம் வருசம் படிக்கிறானுங்க்கா.
எங்க சித்தப்பனே அவனைவிடச் சின்னவன்."
பேசினது அவர்கள் கேப்டன் கார்வேந்தன்.
மற்றவர்கள் நியாயமே நேரில் வந்த மாதிரி
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கண்ணாடிமேல் கவிழ்க்கும்போதே தெரிந்துவிட்டது,
இந்தத் தாள் இங்கே முன்னமே படுத்திருக்கிறது.
ஒரு ஆடி மாசம்
மேட்டுக் கல்லூரி பி.டி. மாஸ்டர்
பைக்கை அணைக்காமலே நின்று
"கொஞ்சம் மங்கலா எடுங்கம்மா" என்றார்.
நானும் குமிழைத் திருகினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் கரண்டு பில்லை யார் கட்டுவது?

மறுநாள் ஷட்டர் தூக்கும் முன்னே மேட்டுக்காரர்.
அவர்களிடம் ஒரு போட்டோ.
போன வருசம் கரூரில் வேறொரு கல்லூரிக்காக
கார்வேந்தன் சர்வீஸ் போடுகிறான்.
முதுகில் ஏழாம் நம்பர் பளிச்சென்று.
"கலர்ல போடுங்கக்கா, காசு போனாப் போகுது.
ஹாஸ்டல் இனாம், பைக் இனாம்,
அவங்கப்பனுக்குக் கேண்டீன் காண்ட்ராக்ட்.
எந்த ரூல்ல இருக்குதுங்க இதெல்லாம்?"
மாதேசுக்கு மாலை போட்ட அதே கைகள்
ரூல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தன.

ரெண்டு கூட்டமும் சொன்னது ஒன்றேதான்.
அவன் ஆள் சேர்த்தால் மோசடி,
நாம் ஆள் சேர்த்தால்
இல்லாதப்பட்ட பையனுக்கு ஒரு ஒத்தாசை.

வியாழக்கிழமை கமிட்டி கூடி
ரெண்டு அணியையும் தள்ளிவிட்டது.
கோப்பை,
அரையிறுதியில் தோற்று
அன்றைக்கே ஏழு மணி பஸ் ஏறிப்போன
சென்னிமலைப் பிள்ளைகளுக்கு.
பார்சலில் அனுப்பினார்கள்.
எதிர்க் கடை புரோட்டாக் கல்லடியில்
முதல் தடவையாக ஒரே பெஞ்சில்
மேடும் வாய்க்காலும் உட்கார்ந்து
சென்னிமலையைத் திட்டிக்கொண்டிருந்தன.
"சர்வீஸ் எடுக்கத் தெரியாத பசங்க."
சால்னா ஒரே வாளியிலிருந்து.

பொழுதோட மாதேசு வந்தான்.
சிப்காட்டில் லோடுமேன் வேலைக்கு மனு.
அதே டி.சி.
"எப்படி எடுக்கட்டும் சாமி?"
"தெரியலீங்கக்கா.
வயசு கூட இருந்தா எடுப்பாங்களா,
கொறையா இருந்தா எடுப்பாங்களா?"
நெசத்துக்கு எந்த வருசம் பொறந்தே என்றேன்.
"யானை எங்க ராகிக் காட்டை அழிச்ச வருசம்னு
அம்மா சொல்லும்."
எந்த யானை, எத்தனையாவது தடவை,
அவனுக்கும் தெரியாது.

ரெண்டு காப்பி எடுத்தேன்,
கருப்பாக ஒன்று, மங்கலாக ஒன்று.
காசு வாங்கவில்லை.
ட்யூப் லைட்டுக்கு நேராக
ரெண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்தான்,
கை என் சீலிங்கைத் தொட்டது.