நிலுவையில் 2,318

பதினான்கு மாதம் கழித்துத் திறந்தேன்.
திட்டவில்லை செயலி,
எண்ணை மட்டும் காட்டியது.
கடன்காரன்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்பதில்லை.

பேர்கனில் மழை.
மீன் ஆலையில் இடைவேளை இருபது நிமிடம்.
கையுறையைக் கழற்றினாலும் விரலில் சால்மன்.

முதல் அட்டை: பராப்லி.
குடை.
இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யார் மறப்பார்கள்?
பின்புறம், அன்றைக்கு நான் எழுதிய உதாரணம்:
‘வீதெனிஸ் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டான்.’
குடையை மட்டுமா.
அவன் க்ளைபேதாவுக்குக் கப்பலேறிய வாரம்தான்
இதை மூடிவைத்தேன்.

‘எளிது’ என்று அழுத்தினேன்.
இனி மூன்று ஆண்டு கழித்துக் கேட்கிறேன் என்றது.
மூன்று ஆண்டு!
என் வீட்டு ஒப்பந்தமே மார்ச் வரைதான்.

அதன்பின் சறுக்கல்.
வேலி. மருமகள். வாக்குமூலம்.
தெரிந்த முகம், பெயர் வரவில்லை.
மறுபடி, மறுபடி, மறுபடி.

பன்னிரண்டாவது: தோல்மூதிஹேத்.
முன்பு ஒன்பது முறை என்னைத் தோற்கடித்தது.
அட்டை என்றால் அதுதான் அட்டை,
உப்புப் போட்டாலும் விடாது.
இன்று வாய் முந்திக்கொண்டது:
பொறுமை.

எப்போது படித்தேன் இதை?
பெல்ட் நிற்கும்போதெல்லாம்
மேற்பார்வையாளர் தோருன்
தொண்டை கிழியக் கத்துவாள்,
‘தோல்மூதிஹேத்!’
அவளிடம் அது துளியும் கிடையாது.
எனக்குத்தான் எப்படியோ ஒட்டியிருக்கிறது.

மணி அடித்துவிட்டது.
நிலுவையில் 2,309.
கையுறையின் உட்புறம்
இன்னும் ஈரம்.