ஒரு மணிக்குப் பத்து நிமிடம்

மராக்கைபோவிலிருந்து ஒரே பெட்டி.
கடன் வாங்கிய ஸ்வெட்டருக்குள்
அரேப்பா சுடும் கருவியைச் சுருட்டி வைத்திருந்தேன்.
விமான நிலையத்தில் இரண்டு முறை
எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு விட்டார்கள்.

கருவியின் பிளக்குக்கு இரண்டு தட்டைப் பல்.
கதான்ஸ்க் சுவரில் வட்டக் குழி, இரண்டு துளை,
மேலே துருத்தி நிற்கும் ஓர் உலோக விரல்.
ரயிலடிக் கடையில் பன்னிரண்டு ஸ்லோட்டிக்கு
அடாப்டர் வாங்கினேன்.
பொருந்தியது.
பொருந்தினால் போதும் என்றிருந்தேன்.

அந்தச் சிவப்பு விளக்கு
அவ்வளவு பிரகாசமாக எரிந்து பார்த்ததில்லை.
மாவை வைத்தேன். தட்டு சீறியது.
நாற்பது நொடி இருக்கும்.
பிளாஸ்டிக் வாடை, ஒரு டப்,
பாதி வீடு இருட்டு.

லுத்விகா வந்தாள். இருபத்தாறு வயது,
பெல்ட்டில் ஏழு ஸ்க்ரூடிரைவர்.
கருவியைக் கவிழ்த்து
எறும்பெழுத்தை நகத்தால் தொட்டாள்: 120.
சுவரைத் தொட்டாள்: 230.
என்னிடம் பத்துப் போலிஷ் சொல்,
அவளிடம் ஸ்பானிஷே இல்லை.
எண்களில் பேசிக்கொண்டோம்.
அடாப்டரைக் காட்டி எனக்கு விளங்காமல் போனபோது
தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
செத்த கருவியின் தலையில் வைத்தாள்.
தொப்பி மாறினால் ஆள் மாறிவிடுமா?

பிறகு வீட்டையே கவிழ்த்துப் படித்தாள்.
போன் சார்ஜர், 100 முதல் 240: கட்டைவிரல் மேலே.
ஷேவர்: மேலே.
இஸ்திரிப் பெட்டி: உதட்டைப் பிதுக்கிக் குப்பைக்கூடையைக் காட்டினாள்.
சூடாகிற எதையும் இங்கேயே வாங்கு என்பது
எந்த மொழியிலும் புரியும்.
படுக்கையோரக் கடிகார ரேடியோவிடம் மட்டும் தயங்கினாள்.
வேனிலிருந்து செங்கல் கனத்தில்
ஒரு டிரான்ஸ்பார்மர் கொண்டுவந்தாள்.
காகிதத்தில் 60 என்று எழுதி, அடித்து, 50 என்று எழுதினாள்.
அதற்குத் தொப்பி இல்லை.
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

இரவெல்லாம் ஏரிமேல் மின்னல் வெட்டும் ஊர்க்காரன் நான்.
கரண்ட் போய் வந்தால்
ஐந்து நிமிடம் பொறுத்து ஃப்ரிட்ஜைப் போடத் தெரிந்தவன்.
இங்கே இன்னும் ஒரு முறைகூடப் போகவில்லை.
போகாத கரண்டை எப்படி நம்புவது?
படுக்குமுன் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறேன்,
கடிகாரத்தைத் தவிர.

சனி மாலை ஆறுக்குச் சரியாக வைத்தேன்.
ஞாயிறு காலை தேவாலயத்தில் ஒன்பது அடித்தபோது
அது ஆறரை என்றது.
அப்போதுதான் அந்தக் காகிதம் விளங்கியது:
இந்தச் சுவர் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது.
கடிகாரமோ அறுபது எண்ணாமல்
ஒரு நொடியை விட்டுக்கொடுப்பதில்லை.
மணிக்குப் பத்து நிமிடம் கடன்.
செங்கல்லால் அழுத்தத்தை அடக்க முடிந்தது,
துடிப்பை மாற்ற முடியவில்லை.

அன்று நள்ளிரவு தூக்கம் வரவில்லை.
சிவப்பு எண்கள் 7:00 காட்டின.
விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நெரெய்தாவை அழைத்தேன்.
"அங்கே மணி ஏழா?"
"ஏழேதான். உனக்கெப்படித் தெரியும்?
இங்கே மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை,
என் கடிகாரமே செத்துக் கிடக்கிறது."
சொல்ல வாயெடுப்பதற்குள்
என்னுடையது பிந்தத் தொடங்கியிருந்தது.

"வந்ததும் உடனே ஃப்ரிட்ஜைப் போடாதே" என்றேன்.
"தெரியும்" என்றாள்.