கல்விக்கு மட்டும்

ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் நான்கு வரி.
நிகழ்ச்சியின் பெயர், அலைவரிசை, பதிவான தேதி.
நான்காவது நீளம்:
இப்பதிவு கல்விக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல,
உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது.
எழுதி எழுதி எனக்கே அந்த வாக்கியத்தின் சாடை வந்துவிட்டது.
பால்காரருக்கு வைக்கும் சீட்டில்கூட
இரண்டு பாட்டில் மட்டும் என்று அடிக்கோடு போடுகிறேன்.

ஹல் பல்கலைக்கழகம், நூலகத்தின் கீழ்த்தளம்.
ஆறு ரெக்கார்டர்கள். ஜன்னல் கிடையாது.
மாணவருக்குக் காட்டலாம். ஆசிரியருக்குக் காட்டலாம்.
வாசற்காவலர் எட்டிப் பார்த்தால்?
டெனிஸ் ராப்சன் உரிமத்தை முழுக்கப் படித்துவிட்டு
எட்டிப் பார்ப்பது பற்றி ஒன்றுமில்லை என்றார்.

நவம்பரில் வில்ஃப் ஆக்ஸ்டோபி வந்தார்,
கோட்டிலிருந்து நீர் சொட்ட.
செவ்வாய் ராத்திரி மீன் சண்டையைப் பற்றிப் போட்டார்களாம்,
என் பெட்டியில் வெறும் புள்ளிதான் தெரிந்தது,
எங்கள் லென் அதில் வருகிறானாம், உன்னிடம் இருக்குமா?
இருந்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில்.
நீங்கள் மாணவரா?
எழுபத்தொரு வயது.
அது பதில் இல்லையே, என்றேன்.
சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் தலைக்குப் பின்னாலிருந்த
மாலை வகுப்புப் பட்டியலைக்
கட்டணத்தை மட்டும் பார்த்துக்கொண்டே படித்தார்.
எல்லாவற்றிலும் மலிவு ஐஸ்லாந்து மொழி,
தொடக்க நிலை, புதன்தோறும், எட்டு வாரம்.
என் வலையை அறுத்த பயல்கள், என்றார்.
சில்லறையாக எண்ணி வைத்தார்.

அடுத்த வியாழன் மாணவர் அட்டையை
பிடிவாரண்டு போல என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பத்தொன்பது நொடி.
சாம்பல் நிறத் தளம். கம்பளித் தொப்பிக்காரன் ஒருவன்
ரோந்துக் கப்பலின்மேல் நிலக்கரித் துண்டை வீசிச் சிரிக்கிறான்,
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.
வானொலிக் கருவியில் யாரோ ஏதோ கத்துகிறார்கள்.
முடிந்தது.
திரும்பப் போடு. போட்டேன்.
பதினொரு தடவை. எத்தனை தடவை என்று
எந்த விதியும் சொல்லவில்லை.
அன்றைக்கு நானும் அங்கேதான், கேமராவுக்கு இந்தப் பக்கம், என்றார்.
அடுத்த குளிர்காலத்தில்தான் லென்,
என்று தொடங்கி, தொப்பியைத் தேடினார்.
அது அவர் தலையில் இருந்தது.

ஏழாவது வாரம் நோட்டும் பென்சிலுமாக வந்தார்.
படம் வேண்டாம், அந்தக் கத்தல் மட்டும்.
கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு சொல் எழுதினார்,
ஒன்றை அடித்தார், மறுபடி அதையே எழுதினார்.
வைகிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
என்ன சொல்கிறான்?
அலை வருது, எதையாவது பிடிச்சுக்கோங்க என்கிறான்.

மாதக் கணக்கில் எழுதினேன்:
ஐஸ்லாந்து மொழி, செவிப் பயிற்சி. பார்த்தவர் ஒருவர்.
டெனிஸ் கையெழுத்துப் போட்டார்.

வில்ஃப் இரண்டாம் நிலையில் சேர்ந்திருக்கிறார்.
அது மலிவில்லை.