லம்துவானின் கொய்யா மரம்

க்வே என்று சொல், என்றாள் லம்துவான்,
வாயை அகட்டாதே.
க்வே என்றால் கிளையாறு.
நீ சொல்கிற க்வாய் அதோ,
சேற்றில் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கிறதே, அது.
எருமை திரும்பவில்லை.
காதை ஒருமுறை ஆட்டியது.

இத்தனை வருஷமாய் ஊர் உலகமெல்லாம்
ஓர் எருமையின் மேல் பாலம் கட்டிக்கொண்டிருப்பதில்
அவளுக்குப் புகார் ஒன்றும் இல்லை.
அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள்.
மிதவை வீட்டுக்கு ஓர் இரவுக்கு அறுநூறு பாட்,
முட்டையும் சோறும் சேர்த்து.

நான் வந்தது மீன்கொத்தி பார்க்க.
முழங்காலுக்கு ஓய்வென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த
நான்கு நாளில் இரண்டு இங்கே.
நகரத்துக் கல்லறையையும் பார்த்தாயிற்று, காலையில்:
வெட்டிய புல், பெயர் பொறித்த கல்,
இருபத்திரண்டு வயது, இருபத்து நான்கு, முப்பத்தொன்று.
தோட்டக்காரர் குந்தியபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தார்,
ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும்
ஒரே அளவு நேரம்.

மத்தியான ரயில்
பாறையை உரசுவதுபோல் போகிறது.
மரத்தூண்கள் முனகுகின்றன.
சன்னல்தோறும் கைபேசிகள் நீள்கின்றன.
லம்துவான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
வராத நாளில்தான் பார்ப்பாளாம்.

மரவள்ளிக் கொல்லையில்
ட்ராக்டர் உழுத கோடுகள் நேர்நேராய் வந்து
ஓரிடத்தில் மட்டும் வளைந்து விலகியிருந்தன.
நடுவே ஒரு மரம்.
அங்கே என்ன, என்றேன்.
ஃபராங், என்றாள்.

வெள்ளைக்காரனுக்கு அந்தச் சொல் என்று
விமானத்தில் படித்திருந்தேன்.
தொப்பியைக் கழற்றி
நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

வாளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.
கொய்யா! கொய்யாவும் ஃபராங்தான்!
கொய்யாவுக்குத் தொப்பி கழற்றிய முதல் ஆள் நீ.
அக்கரையில் வலை வீசிக்கொண்டிருந்தவனிடம்
கத்திச் சொன்னாள். அவனும் சிரித்தான்.
நானும்தான்.

வாளியை எடுத்துக்கொண்டே
மரத்தடியில் கேக், என்றாள்.

வெட்டிக் கொடுக்கிற கேக் இல்லை.
அகராதியில் இருந்தது: விருந்தாளி.
அடுத்த வரியில்,
இந்தியாக்காரரையும் அப்படிச் சொல்வதுண்டு.

தவீ, அவள் கணவன், புது ட்ராக்டர் வாங்கிய வருஷம்
கொழுமுனையில் ஒரு தாடையெலும்பு வந்தது.
ஒரு சட்டைப் பொத்தான். ஒரு சின்ன வளையல், மிகச் சின்னது.
வந்ததை விகாரைக்குக் கொண்டுபோனார்கள்.
வராததைச் சுற்றி உழுகிறார்கள்.
எத்தனை பேர், என்றேன்.
கையை விரித்தாள்.
பிறகு மூடிக்கொண்டாள்.

மாமியாருக்கு அவள் மாமியார் சொன்னது:
ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றி வந்தார்களாம்,
பெண்டாட்டி பிள்ளைகளோடும் சில பேர்.
காலரா வந்த மழைக்காலத்தில்
வேலிக்கு அப்பால் நின்று கை குவித்து
ஒரே சொல்லைச் சொல்வார்களாம்.
குடும்பத்தில் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது.
பிள்ளைகள் விளையாட்டில்கூடச் சொல்கிறார்கள்.
உனக்குத் தெரியுமா, என்று
நாக்கைச் சரிபார்த்துக்கொண்டு சொன்னாள்:

தண்ணி.

எருமை எழுந்து போயிருந்தது.
அது இருந்த பள்ளத்தில் ஆறு மெல்ல வந்து நிறைந்தது.
தெரியும், என்றேன்.
அவள் மொழியில் தண்ணீருக்கு இருக்கும் சொல்லைச் சொன்னேன்:
நாம்.

நாம், என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.
அவ்வளவுதானா, என்றாள்.

அந்தப் பழத்தை அவர்கள் விற்பதில்லை, தின்பதில்லை.
வௌவால்களுக்கு விட்டுவிட்டார்கள்.
வௌவால்களோ எல்லை பார்ப்பதில்லை;
தண்டவாளம் நெடுகச் சரளைக்கிடையில்,
குகை வாசலில், நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னால்
கொய்யாக் கன்றுகள்.

மீன்கொத்தி வரவில்லை.
முழங்கால் பரவாயில்லை.
இரவில் தகரக் கூரையில் ஏதோ விழுந்து உருண்டது.
விடிந்து பார்த்தால் மிதவையின் விளிம்பில்
பாதி கடித்த பழம், விதை தெரிய.
எடுப்பதா, ஆற்றில் தள்ளுவதா என்று தெரியாமல்
வாயில் பற்பசை நுரையோடு
வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து லம்துவான்
முட்டை ஒன்றா இரண்டா என்று கேட்டாள்.