பெப்ரவரி முப்பது

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன்.
ஹட்டன் பொலிஸ் கோட்டின் தகரக் கூரையில் அன்று
வாதி, எதிரி இருவருக்கும் எதிராகப் பெய்தது.
நான் மொழிபெயர்ப்பாளன். மாதம் முப்பத்தைந்து ரூபாய்,
குடை சொந்தச் செலவு.

பெரிகிரின் ஆஷ்கோம்,
சீமைக் கோமான் ஒருவரின் மூன்றாவது மகன்,
பட்டு அங்கி போட்ட பாரிஸ்டர்,
இருமலை ஆற்ற நுவரெலியா வந்தவர்.
(பிரபு என்றோம். அப்போது அவர் இன்னும் பிரபு ஆகவில்லை.)
பகலில் மரை வேட்டை, இரவில் சீட்டு.
கிளப்பில் ஒருநாள் கிளெனோரின் துரையோடு பந்தயம்:
"உன் ஆளையே உன்னிடமிருந்து மீட்டுக் காட்டட்டுமா?"
ஒரு பெட்டி விஸ்கி.
சடையாண்டிக்கு வக்கீல் கிடைத்தது அப்படித்தான்.

குற்றம்: துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியது.
கடன் அறுபத்தெட்டு ரூபாய்,
அதில் பாதி அப்பன் சாகும்போது வைத்துவிட்டுப் போனது.

பிரபு எழுந்தார்.
நாற்பது நிமிடம். ரோமாபுரிச் சட்டம்,
ஏதோவொரு அரசன் புல்வெளியில் வைத்த முத்திரை.
கையை வீசும்போதெல்லாம்
மோதிரக் கல் தனியாக வாதாடியது.
நான் கூண்டுப் பக்கம் திரும்பிச் சொன்னேன்:
"ஐயா ஒனக்காகப் பேசுறார்."

பிறகு, கணக்கப்பிள்ளை எழுதிய காகிதத்தை
நனைந்த பூனையைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.
"பெப்ரவரி முப்பதாம் திகதி இரவு ஓடினான் என்கிறது இது.
கனம் நீதவான் அவர்களே,
அப்படியொரு இரவைக் கடவுளே செய்யவில்லை.
இல்லாத நாளில் எவனும் ஓட முடியாது."

சிரிப்பு. துரைகூடச் சிரித்தார்.
சாப்பாட்டு மணிக்கு முன்பே தீர்ப்பு.

எங்கள் மொழியில் ஒரு கஞ்சத்தனம் உண்டு.
வழக்குத் தள்ளுபடியானாலும் விடுதலை,
நாடே கிடைத்தாலும் விடுதலை;
ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறோம்.
"ஒனக்கு விடுதலை" என்றேன்.
சடையாண்டி கம்பளியைத் தோள் மாற்றினான்.
துண்டு கேட்டான். அது இல்லை என்றேன்.
துண்டில்லாத ஆளுக்கு
எந்தத் தோட்டத்தில் பேர் போடுவார்கள்?
பிரபுவை நேராகப் பார்த்துக் கேட்டான்:
"அப்ப நான் எங்கங்க போறது?"

"என்ன சொல்கிறான்?" பிரபு கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.
ரயில் நாலு பத்துக்கு. மழை. என் குடையில் ஓட்டை.
"நன்றி சொல்கிறான், சேர்" என்றேன்.

மூன்றாம் நாள் அவன் அதே லயத்தில்,
அதே கங்காணியின் பிரட்டில் நின்றான்.
கடன் இப்போது எண்பத்தொன்று.
விஸ்கி எந்தப் பேரேட்டில் ஏறியதென்று நான் கேட்கவில்லை.

பதினோரு வருடம் கழித்து
டிக்கோயா பேக்கரியில் பாண் சுற்றிக் கொடுத்த சீமைப் பத்திரிகை.
மந்திரியும் ஆகி, பிரபுவும் ஆகிவிட்ட ஆஷ்கோம்
தோட்டச் சம்பளம் பற்றிய பிரேரணையை எதிர்த்து எழுந்திருக்கிறார்:
"அந்த மக்களை நான் அறிவேன்.
ஒருவனை என் கையாலேயே விடுவித்தேன்.
அவன் எதையும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னான்."
சபையில் கரகோஷம்.

வாழ்நாளில் எத்தனை ஆயிரம் வாக்கியம் பெயர்த்திருப்பேன்!
கடல் தாண்டி அச்சேறியது அந்த ஒன்றுதான்.

பாண் சூடாக இருந்தது. மை ஒட்டியிருந்தது.
ஒட்டிய பக்கத்தைச் சீவிப் போட்டுவிட்டு
மிச்சத்தைத் தின்றேன்.