படிக்காதவை 43

கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாம் தடம், இரவு ஷிஃப்ட்.
கண்ணாடியில் ஒட்டிய சீட்டைக் கருவி முகர்ந்ததும்
கட்டை எழுகிறது, விழுகிறது.
ஜன்னலைத் தட்டுகிறவர்கள்
கணக்கில் காசு தீர்ந்தவர்கள், சீட்டு கிழிந்தவர்கள்,
ஓசூர் இன்னும் எவ்வளவு தூரம் என்பவர்கள்.

இடையில் போனைத் திறந்து ஓடையைப் பார்ப்பேன்.
செய்தியோடை என்று
யாரோ நல்ல தமிழில் பெயர் வைத்துவிட்டார்கள்.
மார்க்கண்டேய நதிப் பாலத்தைத் தாண்டித்தான்
தினமும் வேலைக்கு வருகிறேன்.
பெயரில் தண்ணீர் இருப்பவற்றை
நம்பக் கூடாதென்று தெரியும்.

பதினொரு தளங்கள்.
நானே தேடி நானே சேர்த்தவை.
இதைப் பார்த்தவர் அதையும் பார்த்தார் என்று
காதைக் கடிக்க இங்கே ஆளில்லை.
எழுதினால் வரும்.
எழுதாவிட்டால் வராது.
இத்தனை நாணயமாக என்னிடம்
சம்பளம்கூட நடந்துகொண்டதில்லை.

அணையின் நீர்மட்டம் ஒன்று, அடிக்கணக்கில்.
திருச்சியில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர்,
எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடியில் நின்றது,
ஏன் நின்றது.
சதுரங்கத்தில் தான் தோற்ற ஆட்டங்களை மட்டும்
எழுதுகிற ஒருத்தி.
எனக்குச் சதுரங்கம் தெரியாது.
அவள் தோற்கும் அழகு தெரியும்.

பதினொன்றாவது
தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிலந்திகள்.
எழுதியவர் தன் பெயரைப் போட்டதேயில்லை.
சிலந்திக்கு மட்டும் இரண்டிரண்டு பெயர் போடுவார்.
கடைசி வரி இது:
'நாளை மழை விட்டால்
கூட்டின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்.'
அதற்குப் பிறகு
நான்கு வருடம் ஏழு மாதம்.

ஆறாம் தடத்துத் திம்மராயன் சொன்னான்,
'அவுரு எழுதறத உட்டுட்டாருக்கா, அழிச்சிடு.'
ஒரு தொடுகை போதும்தான்.
பாசமெல்லாம் இல்லை.
இடத்தை அடைக்காத ஒன்றை
எதற்காக வெளியேற்ற வேண்டும்.

நேற்று மூன்று பத்துக்கு
மாங்கூழ் டேங்கர் ஒன்றின் சீட்டு வேலைசெய்யவில்லை.
ஐந்நூறை வாங்கி மீதி எண்ணும்போது
திரையில் பார்த்தேன்,
பதினொன்றாவது பெயர் தடித்திருந்தது.
பக்கத்தில் 43.

'மேடம், சில்லறை.'

கொடுத்தேன். பத்து ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்.
கட்டை எழுந்தது.
தலைப்புகளை மேலிருந்து கீழே தள்ளினேன்.
ஜன்னல் கம்பியில் குதிப்பவள். படித்தது.
புளியம்பட்டையின் நிறத்தில் ஒருத்தி. படித்தது.
முட்டைப் பையைச் சுமந்தபடி ரோடு தாண்டுகிறவள்,
அதை மூன்று முறை படித்திருக்கிறேன்.
எல்லாம் பழையவை,
நேற்றைய தேதியில்.
மழை விட்டால் என்பதும் அதில் இருந்தது.

இது எப்படி என்று தெரியும்.
வேறு ஓடைகளிலும் நடந்திருக்கிறது.
தளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது
முகவரிகள் கொஞ்சம் பிசகிவிடும்.
ஓடைக்கு நினைவு தப்பி
இருப்பதையெல்லாம் புதிதென்று திரும்ப அனுப்பும்.
ஒரு சொல்கூடப் புதிதில்லை.

ஆனாலும்
யாரோ வருட வாடகை கட்டியிருக்கிறார்கள்.
யாரோ ராத்திரியில் உட்கார்ந்து
நாற்பத்து மூன்று பேரையும்
ஒரு கால் முறியாமல்
வேறு வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.
அவரேதானா,
கடவுச்சொல் எழுதிய தாள் கையில் கிடைத்த
வேறு எவரோவா,
ஓடை அதையெல்லாம் கொண்டுவராது.

திம்மராயனைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று
எழுந்தேன்.
அவன் தடத்தில் லாரி வரிசை.
உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்கவா என்றது திரை.
நான் பதில் சொல்லவில்லை.
ஐந்தரைக்கு எண் நாற்பத்து நான்கானது.
வயிற்றில் ஏதோ புரண்டது.

லிஃப்ட்காரர்.
தில்லைநகரில் ஒரு கட்டடம்,
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே,
நாற்பது நிமிடம்.
கதவைப் பிளந்தபோது
உள்ளே இருந்த இருவரும்
பேச்சை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தார்.